நர்ஸ் பயிற்சி பலித்ததா? கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள்

நிலைமை மோசமாகும் நோயாளியைச் சீக்கிரம் கண்டறியும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நர்ஸ்களுக்கு ஒரே வினாத்தாளைக் கொடுத்து, மார்க் கூடிவிட்டது என்று ரிப்போர்ட் எழுதுவது சுலபம். பாம்புக்கடி நோயாளியின் இமை சரிவதைப் பார்த்ததும் சிஸ்டர் என்ன செய்தார் என்பது அதில் தெரியாது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையானாலும் அதை அறியும் வழி ஒன்றுதான்.

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நோயாளி பெயரோடு நர்ஸ் பெயரையும் மறைத்துவிடுங்கள். மெமோ வரும் என்ற பயம் வந்தால், மறுநாளிலிருந்து எல்லா நேரமும் அழகாக எழுதப்பட்டிருக்கும்.

அடுத்து, பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதக் கேஸ் ஷீட்டுகள். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். இரண்டு நேரங்களை மட்டும் தேடுங்கள்: நிலைமை மோசமாவதற்கான முதல் அறிகுறி பதிவான நேரம், டியூட்டி டாக்டருக்குச் சொன்ன நேரம். டாக்டர் வந்த நேரம் வேண்டாம். அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தால் நர்ஸ் என்ன செய்வார்? எது அறிகுறி என்பதை முன்பே எழுதிவையுங்கள்: மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு அதிகம், மேல் ரத்த அழுத்தம் 90 அல்லது அதற்குக் குறைவு, புதிதாக வந்த மனக்குழப்பம். பிரிட்டனில் 2017-இல் வெளியான நியூஸ்-2 என்ற எச்சரிக்கைப் புள்ளி முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது.

டி.பி.ஆர். (உடல்வெப்பம், நாடி, மூச்சு) சார்ட்டை அப்படியே நம்பாதீர்கள். மூச்சு 20, 20, 18, 20 என்று வார்டு முழுக்க ஓடினால் யாரும் எண்ணவில்லை. வாட்சைப் பிடித்து ஒரு முழு நிமிடம் நீங்களே சிலருக்கு எண்ணி, அதே நேரத்துப் பதிவோடு ஒப்பிடுங்கள். வினாத்தாளைவிட இந்த வித்தியாசம் குறைகிறதா என்பதைத்தான் நான் நம்புவேன். ஒரு சிக்கல்: உண்மையாக எண்ணத் தொடங்கியதும் அறிகுறி சீக்கிரமே பதிவாகும், அதனால் டாக்டருக்குச் சொல்லும் இடைவெளி கூடியதுபோலத் தெரியும். பதறாதீர்கள், இடைவெளி, எண்ணிக்கை வித்தியாசம் என்ற இரண்டு கணக்கையும் சேர்த்தே படியுங்கள்.

இறப்பு எண்ணிக்கையைத் தொடாதீர்கள். திண்டிவனத்தில் மோசமானவர் 108 ஆம்புலன்ஸில் முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ போய்விடுவார். அதற்குப் பதில் ரெஃபரல் சீட்டைப் பாருங்கள்: பாம்புக்கடி நோயாளியை இமை சரிந்தபோதே அனுப்பினார்களா, மூச்சுத் திணறிய பிறகா?

பயிற்சி பெறாத ஒரு வார்டையும் அதே மாதங்களில் எடுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலக் காய்ச்சல் கூட்டம் வடிந்ததையே பயிற்சியின் வெற்றி என்று எழுதிவிடுவீர்கள். நைட் டியூட்டியைத் தனியாகப் பிரித்து, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்பதையும் குறியுங்கள்.

பயிற்சி முடிந்த மறுமாதமே எடுத்த கணக்கு மட்டும் போதாது. ஆறாம் மாதம் மறுபடி எடுங்கள். அதற்குள் யார் யார் இடமாறுதலில் போனார்கள் என்று டியூட்டி லிஸ்ட்டில் சரிபார்த்துவிட்டு.