கிணற்று நீர்மட்டக் குறிப்பு

கிணற்றுள் அளவுநாடாவை விட்டு நீரின் ஆழத்தை நாடோறும் குறித்து வைத்தல் எளிது. அக்குறிப்பைப் பொருளறிந்து வாசித்தல் அத்துணை எளிதன்று. நீர் உயர்ந்தால் நிலத்தடியில் நீர் பெருகிற்று என்றும், தாழ்ந்தால் அருகிற்று என்றும் பலர் உடனே முடிவு செய்வர். அம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பிறதேயத்துக் கிணறுகள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நீரைத் தன்னகத்தே கொண்டு, கிணற்றுக்கும் ஊற்றுக்கும் விடுக்கும் பாறையை நீர்த்தாங்கி என்ப. இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியிலுள்ள சில்குரோவ் என்னும் ஊர்க் கிணறு வெண் சுண்ணப்பாறையாகிய நீர்த்தாங்கியில் அமைந்தது. 1836-ஆம் ஆண்டு தொடங்கி அதன் மட்டம் குறிக்கப்பட்டு வருகின்றது. இத்துணை நீண்ட குறிப்பு உலகில் அரிது. மாரிக்காலத்தில் நீர் பல மீட்டர் ஏறிக் கோடையில் இறங்கும். 1994 ஜனவரியில் கிணறு நிரம்பி வழிந்தது. அயலிலுள்ள சிச்செஸ்டர் நகரும் வெள்ளத்தால் வருந்திற்று. இவ்வேற்றத்திற்கு மழையின் மிகுதி ஒன்றே காரணமோ எனின், அன்று. அப்பாறையின் நுண்டுளைகள் நீரைப் பெரும்பாலும் பற்றிக்கொண்டே நிற்கும். வடியத்தக்க நீர் பாறையின் கனவளவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. ஆதலின் 10 மில்லிமீட்டர் நீர் உட்புகுந்தால் மட்டம் 1 மீட்டர் அளவு உயரும். நூற்றில் 20 பங்கு வடியும் மணலிலோ அதே நீரால் 5 சென்டிமீட்டரே உயரும். பாறையின் இயல்பறியாது இரு கிணறுகளை ஒப்பிடுவார் ஏமாறுவர்.

களிமண் மேலே மூடிய நீர்த்தாங்கியின் போக்கு இன்னும் வியப்புடையது. அங்கே கிணற்றுநீர் காட்டுவது அழுத்தத்தையே. நிலத்தின்மேல் அழுத்தும் காற்றின் பாரத்தில் ஒரு பகுதியை மண் தாங்கிக்கொள்ள, திறந்த கிணற்றுநீரோ அதனை முழுதும் ஏற்கின்றது. ஆகவே காற்றழுத்தம் மிகுந்தால் கிணற்றுநீர் தாழும். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் புகைவண்டி நெருங்குந்தோறும் ஒரு கிணற்றுநீர் சிறிது ஏறியும், வண்டி நீங்கியதும் தாழ்ந்தும் வந்ததை ஜேக்கப் என்னும் அறிஞர் 1939-இல் விளக்கினார். ஒரு துளி நீரும் புதிதாகச் சேரவில்லை. வண்டியின் பாரமே நீர்த்தாங்கியை அமுக்கிற்று.

இலண்டன் மாநகரின் கீழும் களிமண் மூடிய சுண்ணப்பாறையே உளது. ஆலைகளும் பிறவும் நெடுங்காலம் நீரை இறைத்தமையால், 1960-களில் டிரபால்கர் சதுக்கத்தின்கீழ் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 88 மீட்டர் தாழ்ந்து நின்றது. பின்னர் ஆலைகள் பல நகரைவிட்டு நீங்கவே, நீர் ஆண்டுதோறும் ஏறலாயிற்று. குடிநீர் பெருகிற்றென்று மகிழ்வதற்கில்லை. நீர் தாழ்ந்திருந்த காலத்தே அமைத்த சுரங்கவழிகளுக்கும் ஆழ்ந்த அடித்தளங்களுக்கும் இடர் நேரும் என்பதைக் கிணற்றுக் குறிப்புகளே முன்னறிவித்தன. ஆகவே 1990-களின் பிற்பகுதியில், ஏற்றத்தைத் தடுக்கும் பொருட்டே நீரை மிகுதியாக இறைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.