மக்தபில் பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது?

"பிள்ளை மதரஸாவுக்குப் போகிறானா?" என்று கேட்டால், "அல்ஹம்து லில்லாஹ், போகிறான்" என்று பெருமையோடு சொல்லாத பெற்றோர் நம்மில் குறைவு. என்ன ஓதுகிறான் என்று கேட்டால், "அம்ம ஜுஸ்வு முடித்து விட்டான், குர்ஆனில் பத்தாவது ஜுஸ்வு போகிறது" என்று கணக்கும் சொல்லி விடுவார்கள். விரும்பி ஓதுகிறானா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஓதுவது கடமையல்லவா, அதில் விருப்பம் என்ன, வெறுப்பு என்ன என்பார்கள்.

கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து, பன்னிரண்டு வயதில் குர்ஆனை ஒரு முறை ஓதி முடித்து, துஆ ஓதி, இனிப்பு வழங்கி, உஸ்தாதுக்கு வேட்டியும் துண்டும் கொடுத்து அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இருபது வயதில் திருமறையைத் திறக்கிறார்கள்? ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் வீடு வீடாக இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும். ஓதி முடித்தது என்பதற்கு, இனி ஓத வேண்டியதில்லை என்றல்லவா அந்தப் பிள்ளை பொருள் கொண்டு விட்டது! ஐந்தாறு ஆண்டுகள் மக்தபில் உட்கார்ந்த பிள்ளையின் உடல்தான் அங்கே இருந்ததா, மனம் வேறெங்கோ இருந்ததா என்பதைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்று பார்ப்போம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஒருவர் பள்ளிக்குள் வந்து அவசரம் அவசரமாகத் தொழுது விட்டு, நபியவர்களிடம் வந்து ஸலாம் சொன்னார். நபியவர்கள் பதில் ஸலாம் கூறி, நீர் தொழவில்லை, திரும்பப் போய்த் தொழும் என்றார்கள். அவர் போய் முன்போலவே தொழுது வந்தார். மீண்டும் அதே பதில். மூன்று முறை இப்படியே நடந்தது. இதை விட அழகாக எனக்குத் தொழத் தெரியாது, எனக்குக் கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்டு விட்டார். அதன் பிறகுதான் தக்பீர் முதல் ருகூவு, ஸுஜூது வரை ஒவ்வொன்றிலும் நிதானமாக நிலைத்து நிற்க வேண்டிய முறையை நபியவர்கள் விளக்கினார்கள்.

முதல் தடவையே சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார். மூன்று முறை முயன்று, தன்னிடம் ஏதோ குறைகிறது என்று தாமே உணர்ந்து, அது என்ன என்று அறியத் தவித்த மனத்தில்தான் பாடம் விதைக்கப்பட்டது. உழாத நிலத்தில் மணிலாவை வீசி விட்டு முளைக்கவில்லை என்று விதையைக் குறை சொல்லும் விவசாயி உண்டா? நாம் பிள்ளைகள் விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம். கேள்வி பிறக்கும் முன்பே பதிலைத் திணித்து விட்டு, பிள்ளை மந்தம் என்கிறோம்.

இன்னொரு நிகழ்ச்சி. இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமையானது, அது என்ன மரம் என்று நபியவர்கள் தோழர்களிடம் விடுகதை போலக் கேட்டார்கள். எல்லாருடைய எண்ணமும் பாலைவன மரங்களின் பக்கம் ஓடியது. அந்தச் சபையில் இருந்த இளைஞர் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று தோன்றியது. பெரியவர்கள் முன் பேச வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. பிறகு தம் தந்தையாரிடம் சொன்ன போது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ செல்வத்தை விட அது பிரியமாக இருந்திருக்கும் என்று உமர் (ரலி) அவர்கள் ஆதங்கப்பட்டார்கள். பெரியவர்கள் இருக்கையில் உனக்கென்ன பேச்சு என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். நம் மக்தபுகளிலும் கடைசி வரிசையில் ஓர் இப்னு உமர் விடையை வாயில் அடக்கிக் கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடும். கேட்பார் இல்லாததால் அவன் அதை அப்படியே விழுங்கி விடுகிறான்.

கேள்வி கேட்பது ஈமானுக்குக் குறைவு என்று எண்ணுவோர் இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைப் பார்க்கட்டும். மரித்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி அவர்கள் இறைவனிடமே கேட்டார்கள். உள்ளம் அமைதி பெறவே கேட்பதாகவும் கூறினார்கள். அல்லாஹு தஆலா அவர்களைக் கண்டிக்கவில்லை. நான்கு பறவைகளைப் பிடித்துப் பழக்கி, மலைகளின் மீது வைத்து, பின்பு அழைத்துப் பார்க்கும்படி ஒரு செயலைத் தந்தான். அல்பகரா அத்தியாயத்தின் 260-ஆம் வசனத்தில் இது இருக்கிறது. கலீலுல்லாஹ்வுக்கே கையால் செய்து கண்ணால் காணும் பாடம் தரப்பட்டிருக்க, ஏழு வயதுக் குழந்தைக்கு அது வேண்டாமா?

இனி நம் மக்தபுக்கு வருவோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள நம் கீழ்பென்னாத்தூரைப் போன்ற ஊர்களில், சுப்ஹுக்குப் பின் பிள்ளைகள் கூடுகிறார்கள். பள்ளிக்கூட வேனும் பேருந்தும் வந்து விடும் என்பதால் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். பாதிப் பேர் வெறும் வயிறு. ஒரே உஸ்தாது, அவரே இமாம், பல ஊர்களில் அவரே முஅத்தினும். 40 பிள்ளைகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து முந்தைய பாடம் கேட்டு, புதிய சபக்கு கொடுக்க, ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். மீதி ஐம்பத்தெட்டரை நிமிடம் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? உரக்க ஓதிக் கொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வாய் ஓதுகிறது; கை பக்கத்துப் பையனின் தொப்பியை இழுக்கிறது. தெருவில் போகிறவர் இரைச்சலைக் கேட்டு, மாஷா அல்லாஹ், நன்றாக ஓதுகிறார்கள் என்று சொல்லிக் கொண்டு போவார்.

இங்கே ஓர் அதிசயத்தைச் சொல்ல வேண்டும். ஆந்திராவில் மதனபள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலியில், கிராமப் பிள்ளைகளுக்காக ஒரு கல்வி முறையை உருவாக்கினார்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடம் என்பதை விட்டு விட்டு, பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படி போல் அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும்படி செய்தார்கள். எம்.பி. விஜயகுமார் என்ற அதிகாரி, வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த போது, கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகளில் இம்முறையைக் கையாண்டு பார்த்தார். பின்பு சென்னை மாநகராட்சி ஆணையரான போது, 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை தீட்டி, ஆளுக்கொரு இடம் ஒதுக்கினார்கள். அட்டையை எடுப்பதும், எழுதிப் பார்ப்பதும், தெரியாததை முந்திப் போன பிள்ளையிடம் கேட்பதும் அவர்கள் வேலை. எல்லா ஊரிலும் இது சரியாக நடந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். அட்டைகள் அலமாரியில் தூசி படிந்த பள்ளிகளும் உண்டு. ஆசிரியருக்கு மனமில்லாத இடத்தில் எந்த அட்டையும் பேசாது. பிறகு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்ற அளவுக்கேற்பப் பிரித்தே பாடம் கொடுத்தார்கள்.

அதிசயம் என்னவென்றால், இதில் பாதி நம் மக்தபில் நெடுங்காலமாக இருந்து வருவது! பாயில்தான் உட்காருகிறோம். வகுப்புப் பிரிவு கிடையாது. காயிதா ஓதும் பிள்ளையும் குர்ஆன் ஓதும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனி சபக்கு. ஏணி நம்மிடம் இருக்கிறது. ஏறுகிற பிள்ளைக்கு இடைப்பட்ட ஐம்பத்தெட்டு நிமிடங்களில் வேலை கொடுப்பதைத்தான் மறந்து விட்டோம்.

முன்னோர்கள் மறக்கவில்லை. தஃலீமுல் முதஅல்லிம் என்ற நூலை ஓதியவர்கள் அறிவார்கள்: புதிதாகக் கற்பவனுக்கு இரண்டு முறை திருப்பினால் மனத்தில் நிற்கும் அளவே பாடம் கொடுத்து, நாளுக்கு ஒரு சொல்லாகக் கூட்ட வேண்டும் என்று இமாம் ஸர்னூஜி (ரஹ்) முன்னோர் சொல்லாக எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு மாதம் தனியாகத் திருப்பிக் கொண்டிருப்பதை விட, ஒரு மணி நேரம் மாணவர்கள் தங்களுக்குள் கேள்வி கேட்டுப் பதில் சொல்வது மேல் என்பதும் அந்நூலில் உண்டு. இதை அரபிக் கல்லூரியில் ஓதி விட்டு வந்த நாமே, மக்தபில் இரண்டு பிள்ளைகள் பேசினால் "பேசாதே!" என்று அதட்டுகிறோம். எதைப் பேசுகிறார்கள் என்று கூடப் பார்ப்பதில்லை.

மொழியின் சங்கதி இன்னும் முக்கியமானது. நம் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் உண்டு, தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது தமிழும் ஆங்கிலமும். மக்தபில் பல இடங்களில் எழுத்துக் கூட்டுவது உருது முறையில், துஆக்கள் அரபியில், மஸ்அலாக்கள் உஸ்தாது ஓதிய மொழியில். எந்த மொழியில் இந்தப் பிள்ளை சந்தேகம் கேட்கும்? தென்பகுதி முன்னோர்கள் இதற்கு அழகான வழி கண்டார்கள். அரபி எழுத்தில் தமிழை எழுதினார்கள். மக்தபில் அரபி எழுத்து கற்ற சிறுமி, மறு மாதமே அதே எழுத்தில் தொழுகையின் சட்டத்தைத் தன் தாய் பேசும் தமிழில் வாசிக்க முடிந்தது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 – 1898) அவர்கள் அரபுத் தமிழில் எழுதிய மகானீ போன்ற நூல்கள் வீடுகளில், குறிப்பாகப் பெண்களிடம், வாழ்ந்ததற்கு இதுவே காரணம். கற்ற எழுத்து அன்றாடம் பயன்பட்டது, பயன்பட்டதால் இனித்தது. இன்று அரபுத் தமிழைத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று நாம் கூறவில்லை. பிள்ளை தினமும் ஓதும் சின்னஞ்சிறு சூராக்களின் பொருளையாவது அதற்குப் புரியும் மொழியில், ஒரு நாளைக்கு ஒரு வசனமாகச் சொல்லிக் கொடுக்கலாமே! ஃபீல் சூரா ஓதும் பிள்ளைக்கு யானைப் படையின் கதையைச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அவனே கேட்பான்: "ஹஜ்ரத், அந்தப் பறவையெல்லாம் எங்கேயிருந்து வந்தது?" அந்தக் கேள்விக்காகத்தான் மக்தப் நடக்கிறது.

பிரம்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில், பள்ளிகளில் பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்தது. 2012-இல் வந்த திருத்தம், சமயக் கல்வியே முதன்மையான மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்று விலக்களித்தது. அந்த விலக்கைப் பிரம்புக்குக் கிடைத்த அனுமதியாக எவரும் கருத வேண்டாம். பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் அல்லாஹ்வின் கேள்வி கணக்கு இருக்கிறது. கடுமையாக நடத்தப்படும் பிள்ளை சோம்பலையும் பொய்யையும் பாசாங்கையும் கற்றுக் கொள்கிறது என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் 1377-லேயே எழுதி வைத்தார். மக்தபிலிருந்து வந்த பிள்ளையை ஓயாமல் படிக்கச் சொல்லி விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளம் செத்து, அறிவு மழுங்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எச்சரித்தார்கள். அடி வாங்கிய பிள்ளைக்குப் பாடம் மறந்து விடும். அடித்த இடம் மறப்பதில்லை. அந்த இடம் பள்ளிவாசலாக இருந்து விட்டால், பிற்காலத்தில் அவன் எந்த வாசல் வழியாகத் திரும்பி வருவான்?

உஸ்தாதுகளை மட்டும் குறை சொல்லி நிறுத்தினால் அது அநீதி. ஐந்து வேளைத் தொழுகை, ஜனாஸா, நிக்காஹ், மௌலிது எல்லாவற்றுக்கும் ஓடி, கூலியாள் சம்பளத்துக்கும் குறைவாகப் பெற்று, 40 பிள்ளைகளையும் ஒருவரே மேய்க்க வேண்டுமென்றால் பிரம்பைத் தவிர அவர் கையில் என்ன இருக்கும்? பள்ளியின் முகப்புக்கு டைல்ஸ் பதிக்க லட்சக்கணக்கில் வசூலிக்கும் ஜமாஅத்தார்கள், மக்தபுக்கு இரண்டாவது உஸ்தாதை வைப்பதற்குப் பணம் இல்லை என்பார்கள். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், படித்த உள்ளூர்ப் பெண்கள் ஏராளமானோர் தன்னார்வலராக வந்து மாலை நேரத்தில் பாட்டும் விளையாட்டுமாகச் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். ஆலிமா ஓதிய பெண்களும், தஜ்வீதோடு ஓதத் தெரிந்த கல்லூரி மாணவிகளும் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். காயிதா ஓதும் சிறுபிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தால் உஸ்தாதின் பாரம் பாதியாகும். காலையில் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்க, வாரத்துக்கு ஒரு வீடு பொறுப்பேற்கலாம். பசித்த பிள்ளைக்கு அலிஃபும் ஒன்றுதான், லாமும் ஒன்றுதான்.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை வந்ததும் "எத்தனை பக்கம்?" என்று கேட்காமல், "இன்றைக்கு ஓதியதை எனக்குச் சொல்லிக் கொடு" என்று எதிரே உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த சூராவாக இருந்தாலும் தெரியாதது போல் கேளுங்கள். உஸ்தாதாகி விட்ட மகிழ்ச்சியில் பிள்ளை அதை ஒன்பது தடவை ஓதிக் காட்டும்.

மக்தபுகளின் புதிய ஆண்டு ரமளானுக்குப் பிறகு தொடங்குகிறது. அந்த விடுமுறையிலேயே முத்தவல்லியும் உஸ்தாதும் கலந்து பேசி, ஓதும் இடத்தின் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கரும்பலகைப் பூச்சு பூசி, ஆளுக்கு ஒன்றரை அடி என்று கோடு போட்டு, மேலே பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்து விடலாம். ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பெட்டி சாக்பீசும்தான் செலவு. ஷவ்வாலில் பிள்ளைகள் திரும்பி வந்து முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தான். அதன் கீழே அலிஃபை அவர்களே எழுதட்டும்.