சோதனை முடிவும் நோயாளியின் மொழியும்

புணே நகரின் கிழக்கே, சிற்றூராக இருந்து தகவல் தொழில்நுட்பப் பகுதியாக வளர்ந்துள்ளது கராடி. பல மொழி பேசும் தொழிலாளர் அங்கு வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் காசநோய்க்கு மருந்துண்பதாகக் கொள்வோம். இரண்டாம் மாதச் சளிச் சோதனை ‘நெகடிவ்’ என்று மட்டும் கூறினால், நோய் முற்றிவிட்டதென அவர் அஞ்சலாம். அல்லது நீங்கிவிட்டதென மருந்தை நிறுத்தலாம். இரண்டும் தவறு. சளியில் கிருமி தென்படவில்லை என்பதே அதன் பொருள். எஞ்சிய கிருமிகள் அழிய, வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள் தொடர வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் உருவாகலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், நோயின் தன்மையை நோயாளி அறிந்த மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. விளக்கியபின், அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே கேட்டறிவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.