"விடுடா, மறந்துடு!"

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பையன் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தவன்தான், மத்தியானம் வரை எழவில்லை. கணக்கில் ஃபெயில். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்காக எடுத்து வைத்த ஜெராக்ஸ் கட்டு டிவி பக்கத்தில் அப்படியே கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் சொன்னது ஒவ்வொன்றையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை 1: "விடுடா, மறந்துடு. அதையே நினைக்காதே."

உண்மை: நினைக்காதே என்றால்தான் நினைப்பு வரும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை நமக்குப் பழக்கம்தானே? அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் இதைக் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். 5 நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு, தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. ஏமாற்றமும் அப்படித்தான், அமுக்கி வைத்தால் இன்னும் அதிகமாக வரும்.

நம்பிக்கை 2: "ஆம்பளப் புள்ள அழலாமா?"

உண்மை: 2019 செப்டம்பர் 7 காலை, சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தின் தொடர்பு அறுந்த சில மணி நேரத்தில், இஸ்ரோ தலைவர் கே.சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுததை நாடே பார்த்தது. அதனால் அந்த நிறுவனம் உறுதி குலைந்துவிடவில்லை. அழுது முடித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

நம்பிக்கை 3: "கத்தித் தீர்த்துடு, சரியாயிடும்."

உண்மை: தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடத்தான் செய்தது என்று 2002-ல் உளவியலாளர் பிராட் புஷ்மன் காட்டினார். சும்மா உட்கார்ந்திருந்தவர்களே தேவலை. இதைவிட நல்ல வழி எழுதிப் பார்ப்பது. 1986-ல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், கல்லூரி மாணவர்களை 4 நாள், தினம் 15 நிமிடம், மனதை அறுக்கும் விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதிய அன்று மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், மேம்போக்கான விஷயங்களை எழுதியவர்களைவிட அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைவு.

நம்பிக்கை 4: "மனசு உறுதி பிறவியிலேயே வரணும்."

உண்மை: ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சண்டை என்று எல்லாக் கஷ்டத்தோடும் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்கள் வாழ்வில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, கைவிடாத ஒரு பெரியவர். சிலருக்கு அது பாட்டி, சிலருக்கு ஆசிரியர்.

நம்பிக்கை 5: "தோல்விதான் வெற்றிக்கு முதல் படி."

உண்மை: பிரித்துப் பார்க்காத தோல்வி படி ஆகாது. சந்திரயான்-2 எங்கே தவறியது என்று அக்கு வேறு ஆணி வேறாக அலசினார்கள். அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்று விரித்தார்கள். கால்களை வலுவாக்கி, எரிபொருளையும் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்.

பக்கத்து வீட்டில் ஆறுதலே சொல்லாதவள் பையனின் அக்கா ஒருத்திதான். சாயங்காலம் வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள், "விடைத்தாள் நகலுக்கு என்னைக்குடா அப்ளை பண்ணணும்?" என்று கேட்டாள். நகல் வந்ததும் இருவரும் தரையில் பரப்பிப் பார்த்தார்கள். ஐந்து மார்க் கேள்விகள் ஏழில் நாலை அவன் தொடவே இல்லை. முன்னால் ஒரு கணக்கை மூன்று முறை அடித்து அடித்துப் போட்டதில் நேரம் போயிருந்தது. கணக்குத் தெரியாமல் இல்லை. துணைத்தேர்வுக்கு அவன் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பழகினான்.

ஏமாற்றத்தில் இருப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமோ சாப்பாடோ பிடிக்காமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஒருமுறையாவது வந்தாலோ, காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.