கோபம் இருக்கட்டும், போன் பண்ணு

அன்புள்ள கயல் குட்டிக்கு,

சித்தி எழுதுகிறேன். போனில் பேசினால் "ம்", "சரி சித்தி" என்று நழுவிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

அந்த அலபாமா பெண்ணோடு நீ பேசுவதில்லையாமே, உன் அம்மா சொன்னாள். ஒரே அடுப்பு, ஒரே குளியலறை, பேச்சு மட்டும் கிடையாது. காரணத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. துறையில் நீ கட்டுரை வாசித்த அன்று எல்லாரும் கைதட்டினார்களாம். அவள் மட்டும் அறைக்கு வந்ததும், "இதில் நீ சொல்ல வந்தது எது?" என்று கேட்டாளாம். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா கேட்பாள் என்று உனக்கு முகம் சுண்டிப்போச்சு. சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான். கோலத்தில் ஒரு புள்ளி தப்பு என்று சொன்னதற்காகப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு வாரம் முகம் கொடுக்காமல் திரிந்தவள்தானே!

நல்ல நாள் என்றதும் எனக்கு அமெரிக்கக் கறுப்பினப் பாடகி நீனா சிமோன் ஞாபகம் வருகிறது. பியானோவில் சாஸ்திரிய இசை வாசித்து கார்னகி அரங்கில் ஏற வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கனவு கண்டவர். வேறு பாட்டுகளோடுதான் என்றாலும், 1963 ஏப்ரல் 12 அன்று அந்த மேடை கிடைத்துவிட்டது. அதே நாள் பர்மிங்காமில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைக் கைது செய்தார்கள். தோழி லொரெய்ன் ஹான்ஸ்பெரி போன் செய்தார். கச்சேரி எப்படி என்று கேட்கத்தான் என்று நினைப்பாய். இல்லை. கிங் உள்ளே இருக்கிறார், நம் ஆட்களுக்காக நீ என்ன செய்கிறாய் என்பதுதான் பேச்சு. எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! ஆனாலும் நீனா அந்தத் தோழியை விடவில்லை. அந்தச் செப்டம்பரில் பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து ஒரு போராட்டப் பாட்டு எழுதினார். லொரெய்னின் நச்சரிப்பு அதற்குள் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 1965 ஜனவரியில் லொரெய்ன் புற்றுநோயால் இறந்தார். வயது 34. தோழி சொன்ன வார்த்தைகளிலிருந்தே பிறகு ஒரு பாட்டுக்குத் தலைப்பு எடுத்தார் நீனா. உலகமே அதைப் பாடியது.

நன்றாயிருக்கிறது என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு குட்டி. அந்த அலபாமாக்காரி உன் கட்டுரையை முழுதாகக் கேட்டிருக்கிறாள், அதனால்தான் கேட்டாள்.

நீ இருக்கிற அட்லாண்டாவிலேயே ஒருத்தர் இருந்தார், கொரெட்டா ஸ்காட் கிங். அவரை கிங்கின் மனைவி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. 1965 பிப்ரவரியில் கிங் செல்மாவில் சிறையில் இருந்தபோது மால்கம் எக்ஸ் அங்கே பேச வந்தார். கிங்கின் வழியைப் பழித்தவர். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொரெட்டாவிடம், உங்கள் கணவரின் வேலையைக் கடினமாக்க நான் வரவில்லை என்று சொன்னாராம். அந்த மாதம் 21-ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மனைவி பெட்டி ஷபாஸுக்கு நான்கு பெண் குழந்தைகள், வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். அதற்கு முன்பே 1963-இல் இன்னொரு போராளி மெட்கர் எவர்ஸை மிசிசிப்பியில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டிருந்தார்கள். மனைவி மிர்லிக்கு மூன்று பிள்ளைகள். 1968-இல் கிங். கொரெட்டாவுக்கு நான்கு.

கணவன்மார் வழி வேறு, கட்சி வேறு. எதிரும் புதிருமாக நின்ற கூட்டங்களின் வம்பை இந்தப் பெண்கள் தங்களுக்குள் கொண்டுவந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ தோழிகளானார்கள். பெட்டி ஆறு பெண்களை வளர்த்துக்கொண்டே 1975-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு வேலைக்குச் சேர்ந்த கல்லூரி எது தெரியுமா? புரூக்ளினில், மிர்லியின் கணவர் பெயரில் இருக்கும் கல்லூரி. கடைசிவரை அங்கேதான். 1997-இல் வீட்டில் பற்றிய தீயில் பெட்டி வெந்து கிடந்தபோது மற்ற இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார்கள்.

கவிஞர் மாயா ஏஞ்சலோவையும் சொல்லியாக வேண்டும். கிங் இறந்த ஏப்ரல் 4-தான் மாயாவின் பிறந்தநாள். அன்று அவருக்கு நாற்பது நிறைந்து, விருந்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதன்பிறகு பல வருஷம் அவர் பிறந்தநாளே கொண்டாடவில்லை. ஒவ்வொரு ஏப்ரல் 4-க்கும் கொரெட்டாவுக்குப் பூ போகும், 2006-இல் கொரெட்டா கண் மூடும்வரை. முப்பது வருஷத்துக்கு மேல், குட்டி! அத்தனை வருஷமும் இரண்டு பேருக்கும் மனஸ்தாபமே வந்திருக்காதா? வந்த வருஷமும் பூ போயிருக்கும். தேதி வந்தது, பூ போனது, அவ்வளவுதான். நீயோ அவள் "லாஸ்ட் சீன்" பார்த்து, ப்ளூ டிக் பார்த்து, யார் முதலில் பேசுவது என்று கணக்குப் போடுகிறாய்.

நம் ஆச்சியும் எதிர்வீட்டுக் கோமதியம்மாளும் குழாயடியில் போட்ட சண்டையைத் தெருவே வேடிக்கை பார்க்கும். ஆனால் பேச்சில்லாத நாட்களிலும் கோமதியம்மாள் வீட்டுத் தூக்குச்சட்டி வெறுமனே திரும்பியதில்லை. ஒரு கை முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் என்னிடம் கொடுத்து அனுப்புவார் ஆச்சி. "நான் கொடுத்தேன்னு சொல்லாதே" என்று வேறு சொல்வார். பின்னே யார் கொடுத்ததாம்?

சில பேருக்கு நட்பு சுலபமாக அமைந்துவிடும். 1976-இல் பால்டிமோரில் பனிப்புயல் அடித்த ராத்திரி, வீட்டுக்குப் போக முடியாத கெய்ல் கிங்கை, டிவியில் பேர் வாங்கிய ஓப்ரா தன் வீட்டில் தங்கச் சொன்னாராம். அன்று ஒட்டிக்கொண்டதுதான். எல்லாருக்கும் பனிப்புயல் வராது. மற்றவர்கள் கொஞ்சம் மெனக்கெடத்தான் வேண்டும். எழுத்தாளர் டோனி மாரிசன் பட்டதைக் கேள். தோழி டோனி கேட் பம்பாரா அட்லாண்டாவில் நடந்த குழந்தைக் கொலைகளைப் பற்றி ஒரு பெரிய நாவல் எழுதி வைத்துவிட்டு 1995-இல் இறந்துபோனார். நோபல் வாங்கிய மாரிசன் அந்தக் கையெழுத்துப் பிரதியோடு மல்லுக்கட்டி, திருத்தி, 1999-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். எழுதுகிறவர்களைக் கேட்டுப்பார், அதைவிட அலுப்பான வேலை கிடையாது.

நீ அவ்வளவெல்லாம் செய்ய வேண்டாம். அவள் வாழ்க்கையில் கனமான தேதி ஒன்று இருக்கும், தெரிந்துகொண்டு குறித்துவை. அவள் உன்னிடம் சொன்னதை மூன்றாம் பேரிடம் சொல்லாதே, உன் அம்மாவிடமும்தான். சண்டையை ஸ்டேட்டஸில் போடாதே. சாம்பார் வைத்தால் ஒரு கிண்ணம் மூடி வை, காரத்தைக் குறைத்து.

கொரெட்டா தொடங்கிய கிங் மையம் ஆபர்ன் அவென்யூவில்தான் இருக்கிறது. நீ போய் வருஷமாகியும் எட்டிப் பார்க்கவில்லை என்று தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை போ, அவளையும் கூப்பிடு. மாட்டேன் என்றால் அடுத்த ஞாயிறும் கூப்பிடு. போய் வந்ததும் எனக்கு போன் பண்ணு. நம் நேரம் பார்த்துப் பண்ணு, ராத்திரி பத்து மணிக்கு மேல் அடித்தால் உன் சித்தப்பா கத்துவார்.

அன்புடன்,
சித்தி