உடந்தையாக நின்ற மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கலியாண வேலைகளுக்கெல்லாம் நீயும் உடந்தையாக நின்றாயாம். அதை மேடையில் சொன்னதும் சபை ஏன் சிரித்தது என்று கேட்கிறாய். சிரிக்காமல் என்னடா செய்யும்? நாலு பேர் சேர்ந்து பெண்ணைக் கடத்திக்கொண்டு போனது போலல்லவா பேசியிருக்கிறாய்!

பிழை முழுக்க உன்னுடையதும் அல்ல. சொல் பிறந்த குடும்பம் நல்ல குடும்பம். 'உடன்' என்பதிலிருந்து வந்தது. உடன்பிறப்பு, உடன்பாடு, உடன்படிக்கை எல்லாம் அதன் சொந்தங்கள். பழைய அகராதிகளில் உடந்தைக்குச் சேர்க்கை, உறவு என்ற பொருள்களும் உண்டு. இன்றைக்கு அந்தப் பொருளில் யாரும் பேசுவதில்லை. குற்றத்துக்குத் துணைபோவது ஒன்றுதான் அதற்கு மிஞ்சிய வேலை.

"குற்றத்தைக் கூடிச் செய்தாலே உடந்தைதானே?" என்று உடனே கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறு, ஒளிவு மறைவு இல்லாத இடத்தில் அந்தச் சொல் ஒட்டாது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. சிங்கள மன்னனின் ஆணை, ஆனால் தமிழில். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது நம் ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்கப்படும் என்கிறது. அடுத்ததுதான் சுவையான இடம். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கப்பலானால் சரிபாதி.

கப்பல் உடைந்து தவிக்கிறவனிடம் பாதியா என்று நீ பதறுவாய். பேராசை என்று திட்டு, நானும் கூடத் திட்டுகிறேன். ஆனால் உடந்தை என்று மட்டும் எழுதிவிடாதே. பங்குக் கணக்கைக் கல்லில் வெட்டி ஊர் பார்க்க வைத்தவனிடம் ஒளிவு மறைவு ஏது? அதே துறையில், பண்டாரத்துக்குக் கணக்குப் போகுமுன் காவல்காரன் ஒருவன் வள்ளக்காரனோடு கூடி இரவோடிரவாகச் சரக்கை மாற்றிவிட்டு, "கடல் கொண்டுபோய்விட்டது" என்று கையை விரித்தான் என்று வைத்துக்கொள். அது உடந்தை. தோட்டக்காரனும் கள்ளனும் கூடினால் விடியுமட்டும் திருடலாம் என்று பழமொழி சொல்லும். அதில் கள்ளன் ஒருவன்தான் வருகிறான், கவனித்தாயா? மற்றவன் காவலுக்கு இருந்தவன்.

சும்மா பார்த்துக்கொண்டு நின்றவனும் உடந்தையா என்பது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 100ஆம் பிரிவில், உடந்தையாவதற்கு மூன்று வழி சொல்கிறது: தூண்டிவிடுவது, சதியில் சேர்வது, வேண்டுமென்றே உதவுவது. செய்யவேண்டியதைச் சட்டத்துக்கு மாறாகச் செய்யாமல் விட்டு உதவுவதும் மூன்றாவதில் அடங்கும். வழியில் போனவன் பார்த்துவிட்டுப் போனால் அவன் வெறும் கோழை. காவல் கடமை உள்ளவன் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டால் அவன் உடந்தை.

நீ தடுக்கி விழக்கூடிய இடம் இன்னொன்றும் இருக்கிறது. 1591இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைப் பிடித்து எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றினார்கள். எல்லோருக்கும் தெரிந்து நடந்த ஏற்பாடு அது. அடிமைத்தனம் என்று சொல்லலாம், உடந்தை பொருந்தாது. காக்கை வன்னியன் கதை வேறு. ஊர்காவற்றுறைக்காரனான அவன் பறங்கியரோடு, அதாவது போர்த்துக்கேயரோடு, இரகசியமாகக் கூடி யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பிடித்துக் கொடுத்தான் என்கிறது யாழ்ப்பாண வைபவமாலை என்ற நூல். வரலாற்றில் 1619இல் ஒலிவேராவின் போர்த்துக்கேயப் படை வந்தபோது சங்கிலி கடல் வழியே தப்பப் பார்த்துப் பிடிபட்டான், கோவாவில் கொல்லப்பட்டான். கதையையும் வரலாற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. கதைப்படி பார்த்தாலும், சங்கிலிக்குக் காக்கை வன்னியன் செய்தது துரோகம், பறங்கியரின் சூழ்ச்சிக்கு அவன் உடந்தை. ஒரே ஆள், ஒரே செயல்தான். யாருக்குச் செய்தான் என்று கேட்டால் ஒரு சொல், எதற்குத் துணைபோனான் என்று கேட்டால் இன்னொன்று.

தங்கச்சியின் கலியாணமும் வரப்போகிறதாமே. மேடை ஏறுமுன் பேச்சை எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா