சுவர் இணைப்பும் பூச்சுக் கத்தியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டின் உட்சுவரைச் செங்கல்லால் எழுப்புவது அரிது. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஜிப்சம் பலகைகளைத் திருகாணிகளால் இறுக்குவர். இரண்டு தடித்த காகிதங்களுக்கு இடையே ஜிப்சத்தை இறுகச் செய்த பலகை அது. பெரும்பாலும் 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உடையது. முன்னாளில் அந்நாட்டார் ஈரச் சாந்தைப் பூசி, அது உலரப் பல நாள் காத்திருந்தனர். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தபின் வீடுகள் விரைவாகத் தேவைப்பட்டமையால் இப்பலகை எங்கும் பரவிற்று.

பலகைகளை நிறுத்துதல் எளிது. அவை கூடுமிடத்தில் தோன்றும் கோட்டை மறைத்தலே அரிது. ஏறத்தாழ 2 அங்குல அகலமுள்ள காகித நாடாவைச் சாந்தில் பதித்து அக்கோட்டை மூடுவர். அதன்மேல் மேலும் இருமுறை சாந்து பூசுவர். சாந்தை இழுக்கும் கருவியை அவர்கள் கத்தி என்றே அழைக்கின்றனர். அது வெட்டும் கத்தி அன்று. கைப்பிடியில் பொருத்திய, சற்றே வளையக்கூடிய எஃகுத் தகடு.

வேலை முழுமைக்கும் ஒரே கத்தி போதாதோ எனப் புதியவர் எண்ணுவர். போதாது. பலகையின் நீண்ட விளிம்புகள் மெலிந்திருக்கும். அவை இரண்டு சேருமிடத்தில் ஏறத்தாழ 5 அங்குல அகலத்தில் ஆழமற்ற பள்ளம் ஒன்று அமையும். நாடாவைப் பதிக்க 6 அங்குலக் கத்தி ஏற்றது. கையின் அழுத்தம் சிறிய தகட்டில் முழுமையாக இறங்குவதால், நாடாவின் அடியிலுள்ள மிகைச் சாந்தும் காற்றும் வெளியேறும். அகன்ற கத்தியில் அவ்வழுத்தம் பரந்துபோகும். நாடா சரியாக ஒட்டாமல் பின்னர்க் குமிழ் விடும்.

நீர் வற்றும்போது சாந்து சுருங்கும். ஆதலின் ஏறத்தாழ ஒருநாள் உலரவிட்டு, 8 அல்லது 10 அங்குலக் கத்தியை எடுப்பர். அதன் இரு முனைகளும் பள்ளத்திற்கு வெளியே பலகையின் முழுத் தடிப்பின்மேல் ஊன்றிச் செல்வதால் பள்ளம் சமனாக நிரம்பும். மூன்றாம் பூச்சு மிக மெல்லியது. அதற்கு 12 அங்குலக் கத்தி வேண்டும். சிறிய கத்தியாலேயே மும்முறையும் பூசிய சுவர் நண்பகலில் செம்மையாகத் தோன்றலாம். மாலை வெயில் சாளரத்தின் வழியே சாய்ந்து விழும்போது ஒவ்வொரு மேடும் நிழல் காட்டும். வண்ணம் அதனை மறைக்காது.

பலகையின் குறுகிய விளிம்புகளோ மெலிந்திருப்பதில்லை. அங்கே நாடாவே மேடாகிவிடும். மேட்டை நீக்க இயலாது. கண்ணுக்குப் புலனாகாதவாறு பரப்பத்தான் இயலும். 12 அங்குலக் கத்தியால் இருபுறமும் தனித்தனியே இழுத்து, 2 அடி அகலம் வரையிலும் சாந்தைப் படரவிடுவர். சுவர்கள் சந்திக்கும் மூலைக்கு மட்டும் மீண்டும் சிறிய கத்தி கைக்கு வரும். அங்கும் தேர்ந்த தொழிலாளர் ஒருபக்கம் உலர்ந்த பின்னரே மறுபக்கம் பூசுவர். ஈரச் சாந்தில் கத்தியின் முனை பட்டால் கீறிவிடும்.